பர்மா ஷெல் எனாமல் போர்டு வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

பர்மா ஷெல் என்ற பழைய பெட்ரோல் கம்பெனியின் 24 அங்குல வட்ட போர்டு ஒன்று, "1920-ஆம் வருஷத்துது, செட்டிநாட்டு வீட்டு கார் ஷெட்டிலிருந்து கழற்றினது" என்று சொல்லி 38,000 ரூபாய்க்கு விற்கப்பட்டிருக்கிறது. வாங்கியவர் பார்த்தது முன்பக்கப் போட்டோக்கள் மட்டும். சரிபார்க்க எங்களிடம் வந்தபோது பணம் முழுதும் யுபிஐ-யில் போய்விட்டிருந்தது. போர்டு புத்தம் புதுசு. பழைய பெட்ரோல் பங்க் போர்டு சேகரிக்கிற யாருக்கும் இது நடக்கலாம் என்பதால், அதில் என்ன செய்திருந்தார்கள் என்பதை அப்படியே எழுதுகிறோம்.

சொன்ன வருஷமே தப்பு. பர்மா ஷெல் கம்பெனி இந்தியாவில் உருவானது 1928-இல். 1976-இல் அரசு எடுத்துக்கொண்டது, 1977-இல் பாரத் பெட்ரோலியம் ஆனது. அந்தப் பெயரில் 1920 போர்டு இருக்க வழியே இல்லை. எஸ்ஸோ என்ற இன்னொரு பெட்ரோல் கம்பெனியின் போர்டுக்கும் இப்படித்தான்: இங்கே அந்தக் கம்பெனி 1962 வரை ஸ்டாண்டர்ட் வேக்கம் என்ற பெயரில் இருந்தது. போர்டில் விலை நயா பைசாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியது ஆகாது, அந்தக் காசு வந்ததே அப்போதுதான். பேரம் பேசும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள், காசு செலவில்லை.

"கத்தியால் கீறிப் பார், கீறல் விழாவிட்டால் ஒரிஜினல்" என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அது பெயின்ட் அடித்த தகரத்தைப் பிடிக்கத்தான் உதவும். இப்போது வருகிற போலிகள் நிஜமான எனாமல். கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின் மேல் பூசி 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருக்கியவை. இந்த போர்டிலும் கத்தி வழுக்கிக்கொண்டுதான் போனது. அதனால் பளபளப்பை விட்டுவிட்டு, உடைந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய போர்டில் எனாமல் தெறித்த இடத்தை பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் சிப்பி மாதிரி குழிந்திருக்கும். மேலே நிறம், அடியில் கறுப்போ கருநீலமோ ஆன அடிப்பூச்சு, அதற்கும் கீழே இரும்பு. துரு கரும்பழுப்பாக, கெட்டியாக, எனாமலின் ஓரத்துக்கு அடியில் நுழைந்திருக்கும். வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாலும் லேசாகத்தான் ஒட்டும். இந்த போர்டில் தேய்த்ததும் துணி ஆரஞ்சாகிவிட்டது. ஆசிட் ஊற்றி நாலைந்து நாளில் வரவழைத்த துரு அப்படித்தான் பொடியாக உதிரும்.

தெறித்த இடங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். உண்மையில் முதலில் தெறிப்பது ஸ்க்ரூ துளையைச் சுற்றித்தான், முறுக்கி இறுக்கும்போது. அடுத்தது தண்ணீர் தங்குகிற கீழ் விளிம்பு. இந்த போர்டில் விளிம்பைச் சுற்றி ஏறக்குறைய சம தூரத்தில் சுத்தியல் அடிகள், ஆறு துளைகளைச் சுற்றி ஒரு சில்லுகூடப் போகவில்லை. இன்னொன்று, சுவரில் பல வருஷம் தொங்கிய போர்டில் துளையிலிருந்து துருக்கறை கீழ்நோக்கி வழிந்திருக்கும். இதில் துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் வட்டமாகப் பரவியிருந்தது. தரையில் படுக்கப் போட்டு ஆசிட் விட்டிருக்கிறார்கள்.

பின்பக்கத்தில் பழையதற்கு வாஷர் உட்கார்ந்த வளையம், மரச்சட்டம் பட்ட தடம் ஏதாவது இருக்கும். இதில் முழுக்க ஒரே சீரான கறுப்பு. தின்னர் நனைத்த பஞ்சால் துடைத்ததும் கறுப்பு பஞ்சில் வந்துவிட்டது. அடிப்பூச்சு எனாமலாக இருந்தால் தின்னருக்குக் கரையாது.

அளவையும் எடுத்தோம். 24 அங்குலம் என்றால் 60.96 செ.மீ. வர வேண்டும், இது சரியாக 60. அங்குலக் கணக்கில் செய்த காலத்துப் பொருள் முழு சென்டிமீட்டரில் வந்து நின்றால் சந்தேகப்படுங்கள். தகட்டின் கனம், துளையோரத்தில் வெறும் இரும்பு தெரிகிற இடத்தில், 0.8 மி.மீ. இந்த அளவுள்ள பழைய போர்டுகளில் நாங்கள் பார்த்தவை பெரும்பாலும் 1.2 மி.மீ.க்குக் குறையாது. சின்ன போர்டுகள் மெல்லிசாக இருப்பதுண்டு, ஆகவே கனத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அமெரிக்க போர்டுகள் பக்கம் போகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். அங்கே சுற்றுகிற போலிகளில் நிறைய இந்தியாவில் சூளையில் சுட்டுச் செய்தவை என்பது வருத்தமான உண்மை. டெக்ஸகோ கம்பெனியின் "ஃபயர் சீஃப்" பெட்ரோல் பம்ப் போர்டில், 12-க்கு 18 அங்குலம், கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் தேதி இருக்கும். போலி செய்பவர்கள் அந்தத் தேதியையும் சேர்த்தே நகலெடுக்கிறார்கள். தேதி இருப்பது எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகப் பூசிச் சுட்டது என்பதால் நகத்தை ஓட்டினால் நிறத்துக்கு நிறம் மெல்லிய படி தட்டுப்படும். அதைத் தேடுங்கள்.

ஒரிஜினலே ஆனாலும் பழுது பார்த்ததா என்று தெரிய வேண்டும். இருட்டறையில் யூ.வி. டார்ச் அடித்தால் பெயின்ட் வைத்து நிரப்பிய இடம் சுற்றியுள்ள எனாமலிலிருந்து வேறு மாதிரி தெரியும். பழுது பார்ப்பது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

பணம் தரும் முன் இவற்றைக் கேளுங்கள்: முழுப் பின்பக்கம், ஒவ்வொரு துளையும் கிட்டத்தில், விளிம்பு பக்கவாட்டில், டேப் வைத்து அளக்கிற வீடியோ, வெள்ளைத் துணியால் துருவைத் தேய்க்கிற வீடியோ. "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க, இப்பவே அட்வான்ஸ் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். நேரில் போய்ப் பார்க்க முடியாத போர்டுக்கு முழுப் பணம் அனுப்பவே வேண்டாம், யுபிஐ-யில் போன பணத்தை நாமாகத் திரும்ப எடுக்க முடியாது.

ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள், பேங்கிலும் சொல்லுங்கள். விளம்பரம், பேசிய மெசேஜ், பணம் போன ரசீது எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போர்டைக் கழுவாதீர்கள். அந்தத் துருப்பொடியும் கறுப்பு பெயின்டும் கலையாமல் இருந்தால்தான் புகாரில் காட்ட முடியும்.