தொலைபேசிக் கம்பியா, மலையுச்சி ஆன்டெனாவா?

1940களில் அமெரிக்காவில் எஃப்எம் வானொலி பரவத் தொடங்கியபோது, ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்ற நிலையங்களுக்குக் கொண்டுசேர்க்க இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் வாடகைக் கம்பி. எஃப்எம்முக்கு முந்தைய முறையான ஏஎம் வானொலியின் பெரிய வலையமைப்புகள் எல்லாம் இதை நம்பித்தான் ஓடின. கண்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகும், நம்பகமானது. ஆனால் வழக்கமான கம்பியில் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி போகும். எஃப்எம்மோ 15,000 ஹெர்ட்ஸ் வரை தரும். வயலினின் மேல் ஒலிகளைக் கம்பியிலேயே இழந்துவிட்டு எஃப்எம்மில் ஒலிபரப்பி என்ன பயன்? வாடகையும் அதிகம்.

இன்னொன்று, காற்றுவழி அஞ்சல் (ரிலே). முந்தைய நிலையத்தின் ஒலிபரப்பை நல்ல ரிசீவரில் பிடித்து, வேறு அலைவரிசையில் மறுபடி அனுப்புவது. 1940 ஜனவரியில் எஃப்எம்மைக் கண்டுபிடித்த ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆல்பைன் (நியூ ஜெர்சி) நிலையத்திலிருந்து மெரிடன், பாக்ஸ்டன் நிலையங்கள் வழியாக அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்துக்குள் இப்படி ஒலியைக் கடத்திக் காட்டினார்கள். 1948இல் நியூயார்க் மாநில விவசாயக் கூட்டுறவுகளின் ரூரல் ரேடியோ நெட்வொர்க், மலையுச்சி நிலையங்களை இதே முறையில் இணைத்தது.

சிக்கல் உண்டு. நடுவில் ஒரு நிலையம் நின்றால், அதன் வழியாகக் கேட்கும் அடுத்தடுத்த நிலையங்களும் ஊமையாகிவிடும். நடுநிலையம் உள்ளூர் விளம்பரம் போட்டால் அதுவும் பின்னால் வருபவர்களுக்குப் போகும்.

அப்படியும், பக்கத்து மலைகள் ஒன்றுக்கொன்று தெரியும் இடமென்றால் நான் காற்றுவழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். எஃப்எம்மின் தெளிவு கேட்பவர் காதுவரை குறையாமல் போனது அதில்தான்.