மாராவா, செரங்கெட்டியா? முதலில் மாதத்தைச் சொல்லுங்கள்

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் நினைவுக்கு வருவது மாரா ஆறுதான். வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டம் தண்ணீரில் குதிக்கும், முதலைகள் பாயும். அதை நினைத்துக்கொண்டு பிப்ரவரியில் கென்யாவின் மசாய் மாராவுக்கு டிக்கெட் போட்டால், அந்தப் பெருங்கூட்டம் அங்கே இருக்காது. எல்லைக்குத் தெற்கே, தான்சானியாவில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

மாராவும் தான்சானியாவின் செரங்கெட்டியும் ஒரே புல்வெளி. நடுவில் நாட்டு எல்லை உண்டு, வேலி கிடையாது. மாரா சுமார் 1,500 சதுர கிலோமீட்டர், செரங்கெட்டி 14,763. பத்து லட்சத்துக்கும் அதிகமான வில்டபீஸ்ட்கள் மழை பெய்த பக்கமாகப் புல்லைத் தேடி ஆண்டு முழுக்க இதற்குள் சுற்றுகின்றன.

ஜூலை முதல் அக்டோபர் வரை என்றால் மாரா. சின்ன இடம் என்பதால் மூன்று நாளிலேயே நிறைய பார்த்துவிடலாம். நைரோபியிலிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம். ஆனால் ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கூட்டம் கரைக்கு வரும், முன்னால் நிற்பது தண்ணீரை முகரும், பின்னால் நிற்பவை நெருக்கும். மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்தபின் ஒரு வரிக்குதிரை மிரண்டு ஓடினால், மொத்தக் கூட்டமும் திரும்பிவிடும். அக்கரையில் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்பதையும் சகித்துக்கொள்ள வேண்டும். கூட்ட நெரிசல் வேண்டாம் என்றால் அதே ஆற்றைச் செரங்கெட்டியின் வடக்கே கோகடெண்டேயில் பார்க்கலாம். அங்கே பெரும்பாலும் சிறு விமானத்தில் போகிறார்கள், செலவு கூடும்.

ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை என்றால் செரங்கெட்டியின் தெற்கே இண்டுட்டு பகுதி. ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். எரிமலைச் சாம்பல் படிந்த மண், அதில் தாதுச்சத்து நிறைந்த குட்டைப் புல். பால் கொடுக்கும் தாய் வில்டபீஸ்ட்களுக்கு அது தேவை. பிறந்த குட்டி சில நிமிடங்களில் கால் நடுங்க எழும், விழும், மறுபடி எழுந்து தாயின் பின்னால் ஓடும். புல் குட்டை என்பதால் சிங்கமோ சிவிங்கிப்புலியோ தூரத்திலேயே தெரிந்துவிடும். தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து காரில் போனால் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளமும் வழியில்தான். காண்டாமிருகம் பார்க்க நல்ல இடம், ஒரு நாள் ஒதுக்குங்கள்.

யானைதான் வேண்டும் என்றால் கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்கா. சதுப்பில் வயிறுவரை இறங்கி மேய்ந்து வெளியே வரும் யானைக்குக் கீழ்ப்பாதி கருப்பாகவும் மேல்பாதி புழுதி நிறத்திலும் இருக்கும். பின்னால் நிற்கும் கிளிமஞ்சாரோவை விடிகாலையில் பார்த்துவிடுங்கள், அப்புறம் பெரும்பாலும் மேகம் மூடிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா வேறு வகை. தார்ச்சாலை உண்டு, நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டலாம். வாடகைக் காரில் குடும்பமாகப் போய், வேலியிட்ட முகாம்களில் தங்கலாம். பட்ஜெட் இறுக்கம் என்றால் இதுதான் சரி. மே முதல் செப்டம்பர் வரை புதர் காய்ந்து விலங்குகள் நீர்நிலைக்கு வரும். ஆனால் செரங்கெட்டியின் திறந்த வெளி இங்கே கிடைக்காது.

ஏப்ரல், மே மாதங்களில் மாரா வேண்டாம். அங்கே கரிசல் மண், மழையில் ஜீப் சக்கரம் புதைந்துவிடும்.

கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இந்தியா திரும்பும்போது விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.