முடிவுகளும் விவாதமும்: தனித்தனியாகவா, ஒன்றாகவா?

ஆய்வுக் கட்டுரையின் பகுதிகளுக்கு 1972-இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் ஏற்றுக்கொண்ட ‘அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம்’ என்னும் வரிசை பரவலாகிவிட்ட பின்னரும், கடைசி இரண்டையும் பிரிப்பதா சேர்ப்பதா என்ற தயக்கம் ஆய்வு மாணவர்களிடம் நீடிக்கிறது.

வாசிப்பவருக்கு: பிரித்தால், ஆசிரியரின் விளக்கம் குறுக்கிடாமல் தரவை மட்டும் முதலில் எடைபோட்டு, அத்தரவு அவ்விளக்கத்தைத் தாங்குகிறதா என்று பின்னர் சோதிக்கலாம். சேர்த்தால், ஒவ்வொரு வரைபடத்தின் பொருளும் அங்கேயே விளங்கும்; ஆனால் அளந்தது எது, ஊகித்தது எது என்ற எல்லை எளிதில் மங்கிவிடும்.

எழுதுபவருக்கு: பிரித்தால், இலக்கண நூலார் குற்றமென்ற ‘கூறியது கூறல்’ நேரும். சேர்த்தால் குறையும்.

மருத்துவச் சோதனைபோல, முன்பே வகுத்த கருதுகோளைச் சோதிக்கும் ஆய்வுக்குப் பிரிப்பதே தகும். ஒரு சோதனையின் விடையே அடுத்ததைத் தீர்மானிக்கும் ஆய்வுக்கும் குறுங்கட்டுரைக்கும், இதழின் விதி இடங்கொடுத்தால், சேர்ப்பது பொருந்தும்.