சென்ட்ஓஎஸ் 7ஐ விட்டு வெளியேறுவது: ரெப்ளிகாவா, டம்ப்பா, லாஜிக்கலா?

புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்காக நாங்கள் பராமரிக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஏறக்குறைய ஒரு டெராபைட். ஓடிக்கொண்டிருந்தது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில். 2024 ஜூன் 30உடன் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. ராக்கி லினக்ஸ் 9க்கு மாறுவதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படி மாறுவது என்பதில்தான் அலுவலகத்தில் மூன்று கட்சி.

ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா (தரவுத்தளக் கோப்புகளை இன்டெக்ஸோடு அப்படியே நகலெடுத்து, மாற்றங்களையும் உடனுக்குடன் வாங்கும் பிரதி) கட்சிக்குத்தான் ஆள் அதிகம். புதிய சேர்வரில் அதே போஸ்ட்கிரஸ் பதிப்பைப் போட்டு, பிரதி ஒத்து வந்ததும் மாறிவிடலாம், கடை நிற்பது சில நிமிடம்தான் என்றார்கள். கேட்க இனிக்கும். ஆனால் சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.17, ராக்கி 9இல் 2.34. இடையில், 2018இல் வந்த 2.28 எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியையே மாற்றிவிட்டது. நம்பாவிட்டால் அமெரிக்க ஆங்கில யுடிஎஃப்-8 லொகேலில் (மொழிக்கேற்ற வரிசை அமைப்பில்) 1-1, 11 என்ற இரண்டு வரிகளை சார்ட் கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பழைய சேர்வரில் 11 முதலில் வரும், புதியதில் 1-1.

எங்கள் பில் எண்கள் எல்லாமே நடுவில் கோடு போட்டவை. தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் கட்டப்பட்டது பழைய வரிசையில், தேடுவது புதிய வரிசையில். சோதனை ரெப்ளிகாவில் கண்ணெதிரே இருந்த பில்லைத் தேடினால் ‘இல்லை’ என்றது. இன்டெக்ஸை ஒதுக்கிவிட்டுத் தேடினால் கிடைத்தது. எரர் ஒன்றும் இல்லை, அதுதான் பயம். அப்படியே திறந்துவிட்டால் ஒரே எண்ணில் இரண்டாவது பில்லையும், அதைத் தடுக்க வேண்டிய யூனிக் இன்டெக்ஸே உள்ளே விடக்கூடும். எழுத்து இன்டெக்ஸ்களை ரீஇன்டெக்ஸ் செய்தால், அதாவது புதிதாகக் கட்டினால் சரியாகும்தான், ஆனால் அந்த நேரத்தையும் கூட்டினால் ‘சில நிமிடம்’ எங்கே? (எழுத்துகளை வெறும் பைட் மதிப்பால் வரிசைப்படுத்தும் சி லொகேலில் கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொடுத்து வைத்தவர்கள்.)

கோப்புகளை அல்லாமல் வரி வரியாகத் தரவு மாற்றங்களை அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் போஸ்ட்கிரஸ் 10இலிருந்து, அதாவது 2017இலிருந்து உள்ளேயே இருக்கிறது. இன்டெக்ஸ்கள் புதிய சேர்வரிலேயே கட்டப்படும், பதிப்பையும் சேர்த்து உயர்த்தலாம், கடை நிற்பதும் கொஞ்ச நேரம்தான். வேலைதான் அதிகம். நடுவில் யாராவது டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் அது தானாகப் போய்ச் சேராது. அடுத்த எண்ணைக் கொடுக்கும் சீக்குவென்ஸ்களைக் கையால் நகர்த்த மறந்தால் முதல் பில்லே பழைய எண்ணில் முட்டும். ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ இல்லாத டேபிளை அப்படியே சேர்த்துவிட்டால் பழைய சேர்வரில் அதன் அப்டேட்டே எரர் அடிக்கும். எங்களிடம் அப்படி நாற்பது டேபிள்.

டம்ப் எடுத்து, அதாவது தரவு முழுவதையும் கோப்புகளாக வெளியே எழுதி, புதிய சேர்வரில் ரீஸ்டோர் செய்வது மந்தமான வழி. டைரக்டரி வடிவில் எடுத்து, பல வேலைகளாகப் பிரித்து ஓட்டியும் ஒத்திகையில் பதினான்கு மணி நேரம் பிடித்தது. ஆனால் எல்லா இன்டெக்ஸும் புதிதாகக் கட்டப்படும், பிழை இருந்தால் அங்கேயே கத்தும். இரவு பகலாக இயங்கும் இடமென்றால் நானும் லாஜிக்கல் பக்கம்தான் நிற்பேன். எங்கள் முதலாளியோ போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) கடை பூட்டுகிறவர். டம்ப்புக்காக வெசாக்கின் இரண்டு நாளையும் கேட்டு வாங்கினோம். அவர் போட்டது ஒரே நிபந்தனை: மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பில் அடிபட வேண்டும்.

அடிபட்டது. ரெப்ளிகா கட்சிக்காரர்கள் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.