மழைக்கு எது கை கொடுக்கும்: சசேத் ஆப்பா, லயத்து வாட்ஸ்அப் குழுவா?

போன மழைக்கு மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் அம்மாவின் போனில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். இப்போது சசேத் என் போனில். அம்மாவிடம் குழு மட்டும்.

சசேத், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் எச்சரிக்கை ஆப். காசில்லை, தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம், புரளி வராது. ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் ஒரு நாளில் 11 முதல் 20 செ.மீ. மழை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். ஆனால் இடுக்கி மாவட்டம் முழுக்க ஆரஞ்சு என்றால் அதில் தூரத்துத் தொடுபுழாவும் உண்டு, எங்கள் லயத்து ஓடையும் உண்டு.

என்னைக் குழுவின் பக்கம் சாய்த்தது பழக்கம். அம்மா தினமும் பேரன் போட்டோ பார்க்கத் திறப்பது வாட்ஸ்அப்பை. சசேத்தை அவர் தொட்டதே இல்லை; தொடாத ஆப்பை பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே தூங்க வைத்துவிட்டது. ஜூலையில் ஒரு ராத்திரி, காலையிலேயே வந்திருக்க வேண்டிய எச்சரிக்கை வரவில்லை. வந்தது கீழ் லயத்துச் சித்தியின் குரல்தான்: "அக்கா, ஓடைத் தண்ணி செம்மண்ணா வருது, எந்திரிச்சு மேல வாங்க." ஓடை திடீரென்று கலங்கினால் மேலே மண் இளகுகிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஒன்றும் சரியவில்லை, அது வேறு விஷயம்.

ரேஞ்ச் விட்டு விட்டு வந்தாலும் குரல் செய்தி காத்திருந்து, ரேஞ்ச் கிடைத்ததும் தானே போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சௌகரியம்.

குழுவில் வம்பும் உண்டு. 2018 வெள்ளத்தில் முல்லைப்பெரியாறு அணை உடையப்போவதாகச் சுற்றிய புரளி ஞாபகம் இருக்கும். அதனால் கண்ணால் பார்த்தவர் மட்டும், அதுவும் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். ஃபார்வேர்டு கூடாது என்று வைத்திருக்கிறோம். வானிலை எச்சரிக்கையை சசேத்தில் பார்த்து நான் சொல்லிவிடுவேன்.

நிஜமான சரிவில் இரண்டையும் நான் சோதித்ததில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி லயங்களில் 70 பேரை மண் மூடியது. வெளியே தெரிந்தது மறுநாள் காலையில். ரேஞ்சே இல்லாத அப்படி ஒரு ராத்திரியில் குழுவும் சசேத்தும் ஒன்றுதான். அதற்கு இப்போதைக்குச் சித்தி கதவைத் தட்டுவதாகத்தான் பேச்சு.