சிங்கராஜ வன எல்லையில் தவளை பார்க்கும் இரவு நடை: ஒரு மதிப்பீடு

1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட, இலங்கையின் மழைக்காடான சிங்கராஜ வனத்தினுள் பயணிகளுக்குப் பகல்வேளையில் மட்டுமே அனுமதி உண்டு. தவளைகளோ பெரும்பாலும் இருட்டிய பிறகே குரலெழுப்புகின்றன. அதனால் குடாவ வாயிலை அண்டிய விடுதிகள் சில, வன எல்லைக்கு வெளியே ஓடைக்கரைகளில் இரவு நடை நடத்துகின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு.

இச்சேவையின் பெறுமதி முழுவதும் வழிகாட்டியின் காதில்தான் இருக்கிறது. பெருவிரல் நுனியளவே உள்ள புதர்த் தவளை இலைமேல் அமர்ந்து கூப்பிடும்போது வெளிச்சம் வீசித் தேடினால் குரல் அடங்கிவிடும். எங்கள் வழிகாட்டி விளக்கை அணைத்து, அடுத்த கூப்பீடு வரும்வரை காத்து நின்று, திசையை உறுதிசெய்த பின்னரே மங்கலான ஒளியைக் காட்டினார். இந்தத் தவளைகளுக்கு நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது; ஈரமண்ணிலோ இலையிலோ இடப்படும் முட்டையிலிருந்து முழு உருவம் பெற்ற குட்டித் தவளையே வெளிவருகிறது. ஆகவே குளங்களைக் காப்பாற்றி நிழற்காட்டை அழித்தால் இவற்றுக்குப் பயனில்லை என்று அவர் விளக்கினார். இந்தப் புதர்த் தவளைகளின் பேரினத்தில் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இலங்கையில் அற்றுப்போயின என்பதை அங்கே நின்று கேட்கும்போது அது வெறும் புள்ளிவிவரமாகத் தோன்றவில்லை. நீருக்கு மேல் தொங்கும் கிளைகளில் நுரைக்கூடு கட்டும் மரத் தவளையின் கூடொன்றையும் காட்டினார். அதன் குஞ்சுகள் நீரில் விழுந்து வளர்பவை.

சில தவளைகளைப் பார்த்த மாத்திரத்தில் இனம் பிரிக்க இயலாது என்று அவர் தயங்காமல் சொன்னதை நான் பெரிதும் மதிக்கிறேன். தவளை தோலாலும் சுவாசிப்பதால், பூச்சிவிரட்டி பூசிய கையால் தொடுவது அதற்குத் தீங்கு என்று தொடக்கத்திலேயே எச்சரித்துவிட்டு, தாமும் எதையும் பிடித்துக் காட்டவில்லை.

குறைகளும் உண்டு. குழு பெரிது, ஒற்றையடிப் பாதையில் பின்னால் வருபவர் நெருங்குவதற்குள் தவளை தாவிவிடுகிறது. புகைப்படக்காரர்களின் பிளாஷ் வெளிச்சத்தை வழிகாட்டி இன்னும் கண்டிப்புடன் தடுத்திருக்கலாம். விளக்கங்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கிடைத்தன, ஆகையால் தமிழில் கேட்க விரும்புவோர் பதிவுசெய்யும்போதே விசாரிப்பது நல்லது. அட்டைக்கடிக்குக் காலுறை விடுதியிலேயே கொடுக்கிறார்கள்.

மழை ஓய்ந்த ஈரமான இரவுகளில் குரல்கள் மிகுதியாக இருக்கும். தொடர்ந்து வறண்டிருக்கும் நாட்களில் இதற்கெனப் பணம் செலவிட நான் பரிந்துரைக்க மாட்டேன். வானிலை பார்த்து நாளை மாற்றித்தரும்படி கேட்டோம், விடுதியினர் மேலதிகக் கட்டணமின்றி இணங்கினர்.