லிவர்பூல் பாதி, யுனைடெட் பாதி ஸ்கார்ஃப்: இரண்டு நட்சத்திரம், அதுவும் நூலுக்குத்தான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. 2025-ல் லிவர்பூல் 20-வது முறையாக இங்கிலாந்து கால்பந்து லீக் பட்டம் வென்று மான்செஸ்டர் யுனைடெட்டின் கணக்கைத் தொட்டபோது, "சமமாயிட்டோம்டா, சமமாயிட்டோம்" என்று யுனைடெட் ரசிகனான என் நண்பனை ஒரு மாதம் தூங்கவிடாமல் பண்ணினேன். அதற்கு அவன் பழிவாங்கிய விதம்தான் இந்த ஸ்கார்ஃப். பார்சலைப் பிரித்தால் ஒரு பாதி லிவர்பூல், மறுபாதி யுனைடெட். உள்ளே ஒரு துண்டுச்சீட்டில் அவன் கையெழுத்து: "சமம்னு சொன்னல்ல, இந்தா வெச்சுக்கோ."

கால்பந்து அவ்வளவாகப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. ஒரு மேட்சில் மோதும் இரண்டு கிளப்புகளின் பெயரையும் ஒரே ஸ்கார்ஃபில் ஆளுக்குப் பாதியாகப் போட்டு, தேதியையும் அச்சடித்து ஸ்டேடியத்துக்கு வெளியே விற்பார்கள். அன்றைக்கு மேட்ச் பார்த்ததன் நினைவாக வைத்துக்கொள்ள. தீவிர ரசிகர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள், கேட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

சரி, பொருளுக்கு வருவோம். டேப் வைத்து அளந்தேன்: நீளம் 138 சென்டிமீட்டர், அகலம் 17. நூல் அக்ரிலிக். இரட்டை மடிப்பாகப் பின்னியிருப்பதால் கனம் பரவாயில்லை, கழுத்தில் போட்டால் குத்தவில்லை, இரு முனைகளிலும் தொங்கும் குஞ்சங்கள் இதுவரை உதிரவில்லை. நூலைப் பற்றி எனக்குப் பெரிதாகக் குறை இல்லை. குறையெல்லாம் நிறத்தில்தான் தொடங்குகிறது. இரண்டு கிளப்புக்கும் சிவப்பு! நீலமும் சிவப்பும் என்றால் பாதி எங்கே முடிகிறது என்று தெரியும், கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் என்றாலாவது ஒரு அழகு இருக்கும். இதில் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் யாரோ ஒரு நீளச் சிவப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போவது போலத்தான் இருக்கிறது. செய்தவர்களுக்கும் இது புரிந்திருக்க வேண்டும், அதனால் யுனைடெட் பக்கத்தை ஒரு சாயல் அடர்த்தியாக்கி, எழுத்தைக் கறுப்பில் போட்டிருக்கிறார்கள். லிவர்பூல் பக்கம் வெள்ளை எழுத்து. முதல் துவைப்பில் அந்த வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டது. பச்சைத் தண்ணீரில், தனியாக, கையால்தான் துவைத்தேன். யுனைடெட் பக்கத்துக் கறுப்புக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இதை அவனிடம் சொல்லியிருக்கவே கூடாது.

அப்புறம் சின்னங்கள். கிளப் சின்னங்களெல்லாம் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறிகள், அனுமதி இல்லாமல் அச்சடிக்க முடியாது. அதனால் இந்த மாதிரி ஸ்கார்ஃப்களில் 'கிட்டத்தட்ட அது மாதிரி' ஒன்றைப் போட்டுவிடுவார்கள். லிவர்பூலின் சின்னத்தில் இருப்பது அலகில் ஒரு கிளையோடு நிமிர்ந்து நிற்கும் லிவர் பறவை, அந்த ஊரின் அடையாளமான கற்பனைப் பறவை. இதில் இருப்பது மழையில் நனைந்த கோழி. யுனைடெட் பக்கம் ஒரு கப்பல், அது நன்றாகவே வந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கப்பலைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 1894-ல் மான்செஸ்டர்காரர்கள் லிவர்பூல் துறைமுகத்தை நம்பியிருக்க விரும்பாமல் கடல் கப்பல்கள் நேராகத் தங்கள் ஊருக்கே வரும்படி ஒரு கால்வாயை வெட்டித் திறந்தார்கள். இரண்டு ஊருக்குமான பகை கால்பந்துக்கு வெளியே வளர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். யுனைடெட் சின்னத்தில் கப்பல் வந்ததே அந்தக் கால்வாயால்தான் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கப்பல் மான்செஸ்டர் நகரச் சின்னத்தில் 1842-லேயே இருக்கிறது. கால்வாய் அதற்கு அரை நூற்றாண்டு பின்னால். நண்பனிடம் இதைச் சொன்னபோது, "எங்க கப்பலைப் பத்தி எங்களவிட உனக்குத்தான் அதிகம் தெரியுது" என்றான். தெரியாமல் எப்படி? பரம எதிரியின் வரலாற்றைத் தன் கிளப் வரலாற்றுக்குச் சமமாகப் படித்து வைத்திருப்பவன்தான் ஒழுங்கான ரசிகன்.

படித்தால் சங்கடமான விஷயங்களும் வரும். யுனைடெட்டை இன்றைய யுனைடெட்டாக்கிய மாட் பஸ்பி, 1936-லிருந்து லிவர்பூலுக்கு ஆடியவர், எங்கள் கேப்டனாகவும் இருந்தவர். 1945-ல்தான் மேலாளராக அங்கே போனார். இன்னொன்று: இந்த இரண்டு கிளப்புகளுக்கு நடுவே நேரடியாக ஒரு வீரர் மாறியது கடைசியாக 1964-ல், ஃபில் சிஸ்னல் யுனைடெட்டிலிருந்து லிவர்பூலுக்கு வந்தபோது. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இல்லை. வீரர்களையே மாற்றிக்கொள்ளாத இரண்டு பேரின் பெயரை ஒரே துணியில் பின்னித் தருகிறார்கள் என்றால் செய்தவர்களின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த ரக ஸ்கார்ஃபைக் கண்டாலே பலருக்கு எரிச்சல் வருவதற்குச் சொல்லும் காரணம், இது சுற்றுலாப் பயணிகளின் ஸ்கார்ஃப் என்பது. அந்த ஏளனம் எனக்குப் பிடிக்கவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஆன்ஃபீல்டுக்கோ (எங்கள் மைதானம்) ஓல்ட் ட்ராஃபோர்டுக்கோ (யுனைடெட்டின் மைதானம்) போகிற ஒருவர், எந்த மேட்ச் பார்த்தோம் என்பது நினைவிருக்க ஒன்றை வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? அவரை விடுங்கள். ஜெர்மனியில் இரட்டைப் பெயர் ஸ்கார்ஃபுக்கு வேறு அர்த்தமே உண்டு. ஷால்கே ரசிகர்களும் நியூரம்பெர்க் ரசிகர்களும், பேயர்ன் ரசிகர்களும் போஹும் (Bochum) ரசிகர்களும் பல பத்தாண்டுகளாக நண்பர்கள், ஒருவர் கொடியை இன்னொருவர் பிடிப்பார்கள். அங்கே இந்த ஸ்கார்ஃபைப் போட்டால் 'இவன் எங்கள் கூட்டாளி' என்று பொருள், ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள்.

என் புகார், லிவர்பூலும் யுனைடெட்டும் கூட்டாளிகள் கிடையாது என்பதுதான். இந்தப் பகையில் இருக்கும் மரியாதை, ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்து வந்தது இல்லை. முழுசாக எதிரியாக இருந்துகொண்டே, ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வதால் வந்தது. அதைக் காட்ட இரண்டு முழு ஸ்கார்ஃப் வேண்டும்.

2008 பிப்ரவரி 10 மேட்சை எடுத்துக்கொள்ளுங்கள். யுனைடெட் அணி போன விமானம் ம்யூனிக்கில் விபத்துக்குள்ளாகி 50 ஆண்டு, ஓல்ட் ட்ராஃபோர்டில் யுனைடெட்டும் அதே ஊர் எதிரியான மான்செஸ்டர் சிட்டியும் ஆடுகின்றன. 23 பேர் இறந்த விபத்து அது, அதில் 8 பேர் யுனைடெட் வீரர்கள். பத்திரிகையாளராகப் போயிருந்த சிட்டியின் பழைய கோல்கீப்பர் ஃப்ராங்க் ஸ்விஃப்டும் இறந்தவர்களில் ஒருவர். சிட்டி ரசிகர்களில் யாராவது மௌன அஞ்சலியில் கத்திவிடுவார்களோ என்று வாரக்கணக்கில் பயம். விசில் ஊதினார்கள். யுனைடெட் ரசிகர்கள் சிவப்பு வெள்ளை ஸ்கார்ஃபையும், அவர்களுக்குப் பக்கத்தில் சிட்டி ரசிகர்கள் வெளிர்நீல வெள்ளை ஸ்கார்ஃபையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு நிமிடம் முழுக்க அரங்கத்தில் சத்தமே இல்லை. நிமிடம் முடிந்ததும் பழையபடி வசை ஆரம்பம், அது வேறு கதை. மேட்சை சிட்டி 2-1 என்று ஜெயித்தது.

எங்கள் ஊர்ப்பக்கக் கதை (லிவர்பூலைச் சொல்கிறேன், ரசிகனுக்கு அதுதானே ஊர்) இதைவிடப் பெரிது. 1989 ஏப்ரல் 15-ல் ஷெஃபீல்டில் இருக்கும் ஹில்ஸ்பரோ மைதானம். அன்றைய நெரிசலால் இறந்த லிவர்பூல் ரசிகர்களின் எண்ணிக்கை இன்று 97. அடுத்த சனிக்கிழமை, எங்கள் ஊரிலேயே இருக்கும் எதிரி கிளப்பான எவர்ட்டனின் அன்றைய மைதானம் குடிசன் பார்க்கிலிருந்து ஆன்ஃபீல்டு வரை, நடுவிலிருக்கும் ஸ்டான்லி பூங்காவைத் தாண்டி, கிட்டத்தட்ட ஒரு மைலுக்கு ஸ்கார்ஃப்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு சிவப்பு, ஒரு நீலம். எல்லாம் யாரோ கழுத்தில் போட்டிருந்தவை. 2012-ல் ஹில்ஸ்பரோ பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை வந்த பிறகு எவர்ட்டன் தன் மைதானத்தில் ஆடிய முதல் மேட்சில், ஒரு குழந்தை எவர்ட்டன் ஜெர்சியிலும் இன்னொரு குழந்தை லிவர்பூல் ஜெர்சியிலும் கைகோர்த்து மைதானத்துக்குள் வந்தார்கள். ஒரு முதுகில் 9, ஒரு முதுகில் 6. அன்றைய கணக்கு 96. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எவர்ட்டனைத் திட்ட எனக்கு இரண்டு நாள் வாய் வரவில்லை.

நண்பனுக்கும் எனக்கும் இதுதான் எல்லைக்கோடு. ம்யூனிக், ஹில்ஸ்பரோ இரண்டையும் தொடக் கூடாது, மற்றதெல்லாம் தொடலாம். எப்போதும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தது கிடையாது, தானாக வந்தது. ஒருமுறை நாங்கள் இருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு யுனைடெட் ஆள், தோற்ற கடுப்பில் ஹில்ஸ்பரோவை வைத்து ஒரு மட்டமான ஜோக்கைப் போட்டான். நான் பதில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரையில் அந்த ஆள் நீக்கப்பட்டதாக வந்தது. நீக்கியது குழுவின் அட்மினான என் நண்பன். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து எங்கள் கோல்கீப்பரைக் கிண்டலடித்து ஒரு படம் அனுப்பினான். 2023 மார்ச்சில் எங்கள் அன்றைய மேலாளர் க்ளோப்பும் யுனைடெட்டின் அன்றைய மேலாளர் டென் ஹாகும் சேர்ந்து, இறந்தவர்களை வைத்துக் கோஷம் போடாதீர்கள் என்று இரு தரப்பு ரசிகர்களையும் கேட்டுக்கொண்டபோது, ரொம்ப தாமதம் என்றுதான் இருவருக்கும் தோன்றியது.

அந்த வேண்டுகோளுக்குப் பிறகு நடந்த மேட்சில்தான் நாங்கள் யுனைடெட்டை 7-0 என்று ஜெயித்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும். இடைவேளையில் 1-0, அதுவரை என் வீட்டு சோபாவில் தெம்பாகத்தான் இருந்தான். பிறகு ஆறு. நான்காவது கோலுக்கு போனைக் கவிழ்த்து வைத்தான், ஐந்தாவதுக்கு ஷூவைத் தேடினான், ஆனாலும் போகவில்லை. 88-வது நிமிடத்தில் ஃபிர்மினோ ஏழாவதைப் போட்டபோது, அந்த சீசனோடு அவர் கிளம்பப்போகிறார் என்று தெரிந்திருந்ததால், இவன் கை தட்டினான். யுனைடெட் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு! மெதுவாக மூன்று தட்டு. கணக்கைத் தீர்க்க எனக்கு ஒரு வருடம் ஆனது. 2024 மார்ச்சில் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி, கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் அமாட் டியாலோ அடித்து யுனைடெட் 4-3. சட்டையைக் கழற்றிக் கொண்டாடியதால் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி அவர் வெளியேறியும் விட்டார். "வாழ்த்துகள்டா, ரெட் கார்டுக்கும் சேர்த்து" என்று அனுப்பினேன். அதை அனுப்ப எனக்கு இருபது நிமிடம் ஆனது.

எல்லாவற்றையும்விட எனக்கு நினைவில் நிற்பது 2022 ஏப்ரல் 19. அப்போது யுனைடெட்டில் இருந்த ரொனால்டோவின் பிறந்த குழந்தை இறந்த செய்தி முந்தைய நாள்தான் வந்திருந்தது, அவர் ஆடவில்லை. ஆன்ஃபீல்டில் 7-வது நிமிடம், அவருடைய ஜெர்சி எண், அரங்கம் முழுக்க எழுந்து ஒரு நிமிடம் கை தட்டியது, லிவர்பூல் ரசிகர்கள் தங்கள் கிளப்பின் பாட்டைப் பாடினார்கள். எதிரணி நட்சத்திரத்துக்காக. நாங்கள் 4-0 என்று ஜெயித்த அந்த மேட்சைப் பற்றி நண்பன் பேசினால் இன்றும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் பேசுவான். கோல்கள் அவனுக்கு மறந்துவிட்டதாம்.

ஆக, யார் வாங்கலாம்? நேரில் மேட்ச் பார்க்கப் போய் நினைவுக்கு ஒன்று வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம், நிறம் வேறுபடும் கிளப்புகளாக இருந்தால் இன்னும் நல்லது. எதிரி நண்பனை வெறுப்பேற்ற இதைவிடச் சிறந்த பொருளை நான் பார்த்ததில்லை, அந்த வகையில் ஐந்து நட்சத்திரம்கூடத் தரலாம். கழுத்தில் போடுவதற்கு என்றால் வேண்டாம். மடித்துக் கட்டி ஒரு பக்கத்தை மறைத்துப் பார்த்தேன், 138 சென்டிமீட்டரில் எப்படிக் கட்டினாலும் அந்தக் கப்பல் எங்காவது எட்டிப் பார்க்கிறது. நிறம் சாயம் போனதற்கும் அந்தக் கோழிக்கும் சேர்த்து மூன்று நட்சத்திரம் கழித்திருக்கிறேன்.

இப்போதைக்கு அது சோபாவின் முதுகில் கிடக்கிறது. மேட்ச் நாளில் அவன் உட்காரும் மூலைக்கு லிவர்பூல் பாதி வருகிற மாதிரிப் போட்டு வைப்பேன். அவன் உள்ளே வந்ததும் வணக்கம் கூடச் சொல்லாமல் முதல் வேலையாக அதைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் உட்காருவான்.